அச்சமற்ற இல்லமும் அடக்கமுள்ள குழந்தையும்



நம் இல்லங்களில் மாலைப்பொழுது பரபரப்பானது. கதிரவன் மறைவதற்குள் உணவு முடிய வேண்டும். அடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று எனத் தாய் தவிக்கும் நேரம் அது. பள்ளியிலிருந்து திரும்பிய குழந்தை பசியோடும் களைப்போடும் இருக்கும் நேரமும் அதுவே. அத்தகைய ஒரு மாலையில் என் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

என் பெயரனுக்கு அப்போது நான்கு வயது. அவனுக்குத் தங்கை பிறந்து மூன்று திங்கள் ஆகியிருந்தன. மருமகள் கைக்குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தாள். பெயரன் மேடைமீது ஆறவைத்திருந்த பால் பாத்திரத்தை எட்டி இழுத்தான். பால் முழுவதும் தரையில் கொட்டியது. "யார் கொட்டியது?" என்று அதட்டியவாறு என் மகன் உள்ளே வந்தான். "நான் இல்லை, பூனை" என்றான் குழந்தை. எங்கள் வீட்டிற்குப் பூனை வருவதே இல்லை. மகன் கையை ஓங்கினான். குழந்தை இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள்களைக் குறுக்கிச் சுவரோடு ஒட்டி நின்றான்.

அந்த நிலையை நான் முன்பே கண்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே மகன் என் முன் அவ்வாறே நின்றான். அன்று ஓங்கிய கை என்னுடையது. அதனைக் கண்டிப்பு என்றே நான் எண்ணியிருந்தேன். எறும்பையும் மிதிக்கலாகாது என்று கற்பித்த நான், என் குழந்தையின் கன்னத்தில் விரல் பதிய அடித்தது அக்கொள்கைக்கு முரண் என்று உணரவே இல்லை. அச்சத்தினால் அடங்கும் குழந்தை உண்மையிலேயே அடக்கத்தைக் கற்றுக்கொள்கிறதா? அன்று என்னுள் எழுந்த இவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

பொய் எங்கிருந்து வந்தது?

நான்கு வயதுக் குழந்தை பிறரை வஞ்சிக்கும் எண்ணத்தோடு பொய் சொல்வதில்லை. விழப்போகும் அடியைத் தடுக்கவே பூனையைத் துணைக்கு அழைக்கிறது. "பாலைக் கொட்டாதே" என்பது நாம் கற்பிக்க விரும்பும் பாடம். "அப்பா காணும்படி கொட்டாதே, கண்டுவிட்டால் மறைத்துவிடு" என்பதே அடியினால் குழந்தை கற்கும் பாடம். அடித்தவர் அகன்றதும் அப்பாடமும் அகன்றுவிடுகிறது. வெளியே இருக்கும் காவலன் போனபின் உள்ளே காவல் இல்லை.

இது வெறும் ஊகமன்று. குழந்தைகளை அடித்தல் பற்றி ஐம்பது ஆண்டுகளாக வெளிவந்த ஆய்வுகளுள் 75 ஆய்வுகளை ஒருங்கே திரட்டி, எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 2016 ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 1,60,000 குழந்தைகளைப் பற்றிய செய்திகள் அதில் அடங்கும். அடிபட்டு வளர்ந்த குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் கீழ்ப்படியாமையும் மனச்சோர்வும் குறைந்து காணப்படவில்லை, மிகுந்தே காணப்பட்டன.

சுவீடன் நாடு 1979 ஆம் ஆண்டிலேயே, பெற்றோரும் குழந்தையை அடித்தலாகாது என்று சட்டம் இயற்றியது. உலகில் இவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. நம் நாட்டில் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் விலக்கியுள்ளது. ஆசிரியர் செய்யத்தகாதது என்று விலக்கப்பட்ட ஒன்றை, அவரினும் மிகுந்த அன்புடைய நாம் செய்வது தகுமா?

கண்டதைச் செய்யும் பருவம்

இளங்குழந்தைக்குச் செவியைவிடக் கண்ணே பெரிய ஆசான். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளவியல் அறிஞர் 1961 ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதனைத் தெளிவாக்கியது. அங்குள்ள மழலையர் பள்ளியின் 72 குழந்தைகள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பெரிய பொம்மையை அடித்தும் உதைத்தும் ஏசியும் நடந்துகொள்வதைக் கண்டனர். மற்றொரு பிரிவினர், பெரியவர் அமைதியாக விளையாடுவதைக் கண்டனர். மூன்றாம் பிரிவினர் எதனையும் காணவில்லை. பின்னர்க் குழந்தைகளை ஒவ்வொருவராக விளையாட விட்டபோது, அடியைக் கண்டவர்கள் அதே அடியையும் அதே சொற்களையும் பெரிதும் திரும்பச் செய்தனர். எவரும் அவர்களுக்கு அதனைக் கற்பிக்கவில்லை. கண்டதே போதுமானதாயிற்று.

"தம்பியை அடிக்காதே" என்று கூறிக்கொண்டே மூத்தவனை அடிக்கும்போது நாம் கற்பிப்பது யாது? வலியவர் எளியவரை அடிக்கலாம் என்பதையன்றோ? என் மகன் ஓங்கிய கையும் அவ்வாறு என்னிடம் கற்றதே.

கவனம் என்னும் நீர்

அடிக்கலாகாது எனில் குழந்தையை எவ்வாறு திருத்துவது? இங்கு ஓர் எளிய உண்மையை நோக்குவோம். குழந்தை பெரிதும் விரும்பும் பொருள் தின்பண்டமன்று, பெற்றோரின் கவனமே. அந்நீர் பாயும் செடி வளரும், பாயாதது வாடும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜெரால்டு பாட்டர்சன் என்னும் ஆய்வாளர், குடும்பங்களின் அன்றாட நிகழ்வுகளை அவர்தம் இல்லங்களிலேயே நுணுகி நோக்கித் தாம் கண்டவற்றை 1982 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவர் விளக்கிய சுழலை நாமும் நாள்தோறும் காணலாம். குழந்தை மிட்டாய் கேட்கிறது, தாய் மறுக்கிறாள். குழந்தை அழுகிறது, தாய் கண்டிக்கிறாள். குழந்தை தரையில் புரண்டு கூச்சலிடுகிறது. தாய் சலித்துக் கொடுத்துவிடுகிறாள். கூச்சல் நிற்கிறது. கூச்சலிட்டால் கிடைக்கும் என்று குழந்தையும், கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று தாயும் ஒருசேரக் கற்றுக்கொள்கின்றனர். மறுநாள் கூச்சல் இன்னும் விரைவில் தொடங்குகிறது.

இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். அக்குழந்தை அரைமணி நேரம் அமைதியாக விளையாடியபோது எவரேனும் அருகில் சென்று ஒரு சொல் கூறினோமா? "அப்பாடா" என்று நம் வேலையைப் பார்க்கச் சென்றோம். நல்லது செய்தபோது எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாலைக் கொட்டினால் வீடே திரண்டு வருகிறது. தங்கை பிறந்தபின் எவர் கவனமும் கிட்டாத குழந்தை எந்த வழியைத் தேர்ந்தெடுக்கும்?

ஆகவே நற்செயலைக் கண்டவுடன் அதனைப் பெயர் சொல்லிப் பாராட்டுதல் வேண்டும். "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "பாப்பா உறங்குகிறாள் என்று மெல்லப் பேசினாயே, அது நன்று" என்பது சிறந்தது. எச்செயலை மீண்டும் செய்ய வேண்டும் என்பது குழந்தைக்கு விளங்கிவிடும்.

அன்பும் வரம்பும்

இவ்விடத்தில் சிலர் ஐயுறலாம். "அடியும் கூடாது, அதட்டலும் கூடாது எனில் குழந்தை தறிகெட்டுப் போகாதா?" என்பர். வரம்பின்றி விட்டுவிடுவது அன்பாகாது. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் டயானா பாம்ரிண்ட் என்னும் பெண் அறிஞர் 1960களில் மழலையர் பள்ளிக் குழந்தைகளையும் அவர்தம் பெற்றோரையும் ஆராய்ந்தார். அடக்கி ஆள்வோர், விட்டுக்கொடுத்துவிடுவோர், அன்பும் உறுதியும் ஒருங்கே உடையோர் எனப் பெற்றோரை அவர் வகைப்படுத்தினார். மூன்றாம் வகையினரின் குழந்தைகளிடமே தன்னம்பிக்கையும் தன்னடக்கமும் மிகுந்து விளங்கின.

உறுதி என்பது உரத்த குரலன்று. சொன்னதை மாற்றாமல் நிற்பதே உறுதி. "உண்டபின் விளையாடலாம்" என்று சொன்னால், அழுதாலும் சிரித்தாலும் உண்டபின்னரே விளையாட்டு. அதனை அமைதியாகவும் காரணத்தோடும் கூறுதல் வேண்டும். தன்னைத் தானே அடக்கிக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைக் கடந்தபின்னரே முழு வளர்ச்சி பெறுகிறது என்று மருத்துவ அறிவியல் கூறுகிறது. நான்கு வயதில் அது இளந்தளிர். தளிர் நிமிரக் கொழுகொம்பு நட வேண்டும், தளிரையே முறித்துவிடலாகாது.

தாங்கும் கரங்கள்

இவையனைத்தையும் தாய் ஒருத்தியே செய்ய வேண்டும் என்று கூறுவது அநீதி. இரவெல்லாம் விழித்த தாய்க்குப் பொறுமையைப் போதிப்பதைவிட, அவள் கையிலுள்ள குழந்தையை ஒரு நாழிகை வாங்கி வைத்துக்கொள்வதே உதவி.

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாய் தீவில் 1955 ஆம் ஆண்டில் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்னும் இரு பெண் அறிஞர்கள் அவர்களது நாற்பதாம் வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, பிறப்புக்காலச் சிக்கல், பெற்றோரின் பூசல், குடிப்பழக்கம் முதலிய பல இன்னல்களுக்கு இடையே வளர்ந்தவர்கள். அவ்வாறு வளர்ந்தோருள்ளும் மூவரில் ஒருவர் திறமையும் தன்னம்பிக்கையும் பிறர்பால் பரிவும் உடையவராக உயர்ந்தனர். அவர்களைக் காத்தவை எவை என ஆராய்ந்தபோது, நிலையான அன்பு செலுத்திய ஒருவரேனும் அவர்கள் வாழ்வில் இருந்தமை தெரியவந்தது. பாட்டன், பாட்டி, மூத்த உடன்பிறந்தார், அத்தை, மாமன் என அவர் பலருக்குப் பெற்றோர் அல்லாத உறவினராகவே இருந்தார்.

இல்லத்துப் பெரியோர்களே, இது நமக்கு உரிய செய்தி. அதே வேளையில் நம்மிடம் ஒரு குறையும் உண்டு. தாய் மறுத்த தின்பண்டத்தைப் பாட்டி முந்தானையில் மறைத்துக் கொடுப்பதும், குழந்தையின் முன்னே மருமகளின் வளர்ப்பைத் தாத்தா பழிப்பதும் துணையாகா. அவை வேலியைப் பிரிக்கும் செயல்கள். கருத்து வேறுபாட்டைக் குழந்தை உறங்கியபின் பேசுவதே முறை.

நகரங்களில் தனித்து வாழும் இளங்குடும்பங்களுக்கு இத்துணை எளிதில் கிட்டுவதில்லை. அவ்விடத்தில் கணவனே முதல் துணை. அண்டை வீட்டாரும் உறவினரும் முறை வைத்து உதவலாம். கைப்பேசியைத் துணையாக்குதல் தகாது. ஓர் ஆண்டு நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதினருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

இல்லத்தில் செய்யத்தக்கன

1. நாள்தோறும் பத்து நிமிடமேனும் குழந்தையோடு மட்டும் இருங்கள். விளையாட்டை அதுவே தேர்ந்தெடுக்கட்டும்.

2. "ஓடாதே" என்பதைவிட "மெல்ல நட" என்று சொல்லுங்கள். செய்ய வேண்டியதைச் சொன்னால் குழந்தைக்கு எளிதில் விளங்கும்.

3. சினம் மூண்டால் முதலில் நீங்கள் விலகி நின்று மூச்சை நிதானப்படுத்துங்கள். குழந்தையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்லுங்கள்.

4. தவறுக்கு ஈடு செய்யக் கற்பியுங்கள். பாலைக் கொட்டியவன் துணி கொண்டு துடைக்கட்டும்; நீங்களும் உடன் துடையுங்கள்.

5. உண்மையைச் சொன்ன குழந்தையை அவ்வுண்மைக்காகத் தண்டிக்காதீர்கள்.

6. நீங்கள் தவறு செய்தால் குழந்தையிடம் வருத்தம் தெரிவியுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது.

அன்று மாலை

ஓங்கிய மகனின் கையை நான் பற்றிக்கொண்டேன். குழந்தைகள் உறங்கியபின் அவனிடம், "உன்னை நான் அடித்ததெல்லாம் தவறு" என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அடிகள் எனக்கு நினைவில்லை, அப்பா. உங்கள் செருப்பு ஓசை வாசலில் கேட்டால் வயிறு கலங்கும், அது நினைவிருக்கிறது" என்றான். எந்த ஆய்வும் எனக்கு அதைவிடத் தெளிவாக எடுத்துரைக்கவில்லை.

மறுநாள் முதல் மாலை நேரத்தைப் பகிர்ந்துகொண்டோம். கைக்குழந்தை என் மடியில். அடுப்பு வேலையில் என் துணைவியும் ஒரு கை. தட்டுகளை வரிசையாக வைப்பது பெயரனின் பொறுப்பு. எல்லாம் ஒரு நாளில் சீராகிவிடவில்லை. மகன் பலமுறை குரலை உயர்த்தினான்; பின் தானே தணிந்தான். பெயரனும் சில நாள் தங்கையைக் கிள்ளினான்.

ஐந்தாறு திங்கள் கழிந்தபின் ஒரு நாள், உடைந்த என் மூக்குக்கண்ணாடியைக் கையில் ஏந்தியவாறு அவன் என்னிடம் வந்தான். "தாத்தா, நான்தான் மிதித்துவிட்டேன்" என்றான். அவன் கண்களில் நீர் இருந்தது. ஆனால் கைகள் முகத்தை மறைக்கவில்லை.

உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என நம் முன்னோர் தானத்தை நால்வகைப்படுத்தினர். முதல் மூன்றையும் நம் குழந்தைகளுக்குக் குறைவின்றி அளிக்கிறோம். நான்காவதாகிய அபயத்தையும் அளிப்போமாக. நம் காலடி ஓசை கேட்டால் குழந்தை மறைந்துகொள்ளாமல், வாசலுக்கு ஓடி வரட்டும்.