பதறாத காரியம் சிதறாது

அன்று மாதத்தின் 15ஆம் நாள். கிள்ளானில் உள்ள ஒரு சிறிய கணக்கியல் அலுவலகத்தில் காலை எட்டரை மணிக்கே தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் அவ்வலுவலகத்தின் மூத்த கணக்காளர். குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால், வீட்டிலிருந்தே வேலை செய்யப்போவதாக அவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

“தம்பி, அலுவலகக் கணினிக்குள் என்னால் நுழையவே முடியவில்லை. மூன்று நிறுவனங்களுடைய ஊழியர் சேமநிதிச் சந்தாவை இன்றைக்குள் செலுத்தியாக வேண்டும். சம்பளக் கணக்கெல்லாம் அந்தக் கணினியில்தான் இருக்கிறது. கொஞ்சம் பார்க்கிறாயா?” என்றார்.

“பார்க்கிறேன் அக்கா,” என்றான் அங்குப் பயிற்சிப் பணியாளனாகச் சேர்ந்திருந்த இளைஞன். அவனுக்கு உள்ளங்கை வியர்த்தது. முந்தைய மாதத்துச் சம்பளத்துக்கான சந்தாவை முதலாளிகள் 15ஆம் நாளுக்குள் செலுத்த வேண்டும். தாமதமானால் கூடுதல் கட்டணம் கட்ட நேரிடும்.

கணக்காளர் வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கணினியைப் பயன்படுத்த உதவுவது மெய்நிகர் தனியார் வலையமைப்பு. இதனைச் சுருக்கமாக ‘விபிஎன்’ என்பர். இணையம் பலரும் நடமாடும் பொதுச்சாலை போன்றது. அச்சாலையில் செல்லும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கி அனுப்புவதே விபிஎன்னின் பணி. சரியான திறவுகோல் கோப்பு உள்ளவர்கள் மட்டுமே அதன் வழியாக உள்ளே நுழைய முடியும்.

அந்த அலுவலகக் கணினி லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கியது. லினக்ஸின் கருநிரலைப் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு வெளியிட்டார். இன்று உலகின் பெரும்பாலான இணையச் சேவையகங்கள் லினக்ஸையே நம்பியுள்ளன. அலுவலகத்தார் பயன்படுத்திய விபிஎன் மென்பொருளின் பெயர் ‘ஓப்பன்விபிஎன்’. 2001ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்த இம்மென்பொருளை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

இளைஞன் முதலில் இணைய உலாவியைத் திறந்து பார்த்தான். இணையம் இயங்கியது. அடுத்து, ‘சிஸ்டம்சிடிஎல்’ என்னும் கட்டளையைக் கொண்டு விபிஎன் சேவையின் நிலையைக் கேட்டான். ‘தோல்வி’ என்று சிவப்பு எழுத்தில் விடை வந்தது. சேவையை மீண்டும் தொடங்கிப் பார்த்தான். மறுபடியும் தோல்வி.

“நேற்று இரவு மின்சாரம் தடைப்பட்டதே, அதனால்தான் கெட்டுப்போயிருக்கும். மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவிவிடு,” என்றார் பக்கத்து மேசைக்காரர். “அதெல்லாம் நேரமாகும். தீச்சுவரை அணைத்துவிட்டுக் கணினியை நேராக இணையத்தில் திறந்துவிடு. ஒரு நாள்தானே!” என்றார் மற்றொருவர்.

இளைஞனின் விரல்கள் விசைப்பலகைக்குச் சென்றன; பின்னர் நின்றன. அந்தக் கணினியில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களின் பெயர்களும் அடையாள அட்டை எண்களும் வங்கிக் கணக்கு எண்களும் இருந்தன. பூட்டு திறக்கவில்லை என்பதற்காகச் சுவரை இடிக்கலாமா? மென்பொருளை நீக்குவதும் சரியாகப்படவில்லை. நீக்கும்போது திறவுகோல் கோப்புகளும் அழிந்துவிட்டால், ஒவ்வொரு பணியாளருக்கும் புதிய திறவுகோலை உருவாக்க வேண்டியிருக்கும். மேலும், காரணம் என்னவென்றே இன்னும் தெரியவில்லை.

‘தோல்வி’ என்ற சொல் என்ன நடந்தது என்பதை மட்டுமே கூறும். ஏன் நடந்தது என்பதைக் கூறாது. அதனைக் கூறுவது பதிவேடு. லினக்ஸ் கணினி, தான் செய்யும் வேலைகளையும் சந்திக்கும் தடைகளையும் நேரத்தோடு எழுதி வைக்கிறது. ‘ஜர்னல்சிடிஎல்’ என்னும் கட்டளையின் மூலம் அப்பதிவேட்டைப் படிக்கலாம்.

இளைஞன் விபிஎன் சேவைக்குரிய பதிவுகளை மட்டும் திரையில் வரவழைத்தான். கடைசி வரி, மேலும் விவரம் வேண்டுமானால் உதவிப் பக்கத்தைப் பார்க்கும்படி கூறியது. அதற்கு முந்தைய வரி, பிழைகளைத் திருத்தும்படி கூறியது. இவ்விரண்டு வரிகளாலும் பயனில்லை. அவன் இன்னும் மேலே சென்றான். முதல் பிழை வரியில் விடை இருந்தது: ‘சேவையகத்தின் திறவுகோல் கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படியொரு கோப்பு இல்லை.’

அவ்வரியைப் படித்ததும் அவன் முகம் மாறியது. இரண்டு வாரங்களுக்கு முன்பு அந்தக் கோப்புறையை ஒழுங்குபடுத்தியவன் அவனே. அங்குமிங்கும் கிடந்த திறவுகோல் கோப்புகளை ஒரு புதிய உட்கோப்புறைக்குள் நகர்த்தியிருந்தான். ஆனால், திறவுகோல் எங்கே இருக்கிறது என்பதைச் சேவைக்குச் சொல்லும் அமைவுக் கோப்பை அவன் திருத்தவில்லை.

அப்படியென்றால் இரண்டு வாரங்களாக விபிஎன் எப்படி இயங்கியது? ஓப்பன்விபிஎன் தொடங்கும்போதே திறவுகோலைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொண்டது. அதன்பின் கோப்பை நகர்த்தியதால் அதற்குப் பாதிப்பு ஏற்படவில்லை. நேற்று இரவு மின்தடையால் கணினி நின்று, மீண்டும் இயங்கியது. சேவை திறவுகோலைப் பழைய இடத்தில் தேடியது; காணாமல் நின்றுவிட்டது. மின்தடை பிழையை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பிழையை வெளிப்படுத்தியது.

இளைஞன் அமைவுக் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வைத்தான். பின்னர், திறவுகோலின் இருப்பிடத்தைக் குறிக்கும் வரியை மட்டும் திருத்தினான். சேவையைத் தொடங்கும் முன், ஒரு முனையச் சாளரத்தில் ஓப்பன்விபிஎன்னைத் தன் கையால் இயக்கிச் சோதித்தான். தொடக்கப் பணிகள் நிறைவடைந்தன என்ற செய்தி வந்தது. மகிழ்ச்சியோடு வேறொரு சாளரத்தைத் திறந்து, சேவையைத் தொடங்கினான். மீண்டும் ‘தோல்வி’!

“நான்தான் அப்போதே சொன்னேனே,” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

செய்த திருத்தத்தை அழித்துவிடலாமா என்று ஒரு கணம் இளைஞனுக்குத் தோன்றியது. ஆயினும், அவன் பதிவேட்டை மீண்டும் படித்தான். இம்முறை பிழைச் செய்தி வேறாக இருந்தது: ‘இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.’ ஓப்பன்விபிஎன் வழக்கமாக 1194 என்ற எண்ணுடைய வாயிலில் இணைப்புகளை எதிர்பார்க்கும். இங்கு, ஒரே முகவரியில் ஒரே வாயிலை இரண்டு நிரல்கள் பிடிக்க முயன்றன. அப்படியானால், முதலில் பிடித்தது எது? சோதனைக்காக அவன் இயக்கிய நிரல்தான்! அது இன்னும் முதல் சாளரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பிழை உண்மையில் தீர்ந்திருந்தது; இது புதிய பிழை.

சோதனை நிரலை நிறுத்தினான். சேவையைத் தொடங்கினான். ‘இயங்குகிறது’ என்று பச்சை எழுத்தில் விடை வந்தது. பத்து நிமிடங்களில் கணக்காளர் அழைத்தார். “உள்ளே வந்துவிட்டேன் தம்பி. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்,” என்றார். பிற்பகல் மூன்று மணிக்குள் மூன்று நிறுவனங்களின் சந்தாவும் செலுத்தப்பட்டுவிட்டது.

மாலையில் மேலாளர் இளைஞனின் மேசைக்கு வந்தார். “மின்தடையால் வந்த சிக்கலாமே? நன்றாகச் சமாளித்தாய்,” என்றார்.

ஆம் என்று தலையாட்டினால் போதும். அலுவலகத்தில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள்.

“இல்லை ஐயா. தவறு என்னுடையது. இரண்டு வாரங்களுக்கு முன் திறவுகோல் கோப்பை இடம் மாற்றினேன். அமைவுக் கோப்பைத் திருத்தாமல் விட்டுவிட்டேன். சேவையை ஒருமுறை நிறுத்தித் தொடங்கிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்,” என்றான்.

மேலாளர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “மின்தடை என்று நீ சொல்லியிருந்தால், நாளை நான் மின்கலம் வாங்கப் போயிருப்பேன். பிழை அப்படியே மறந்துபோயிருக்கும். நடந்ததை எழுதி வை. அடுத்து வருபவருக்கும் உதவும்,” என்றார்.

எல்லாரும் வேலையை முடித்துக் கிளம்பிய பிறகு, இளைஞன் இன்னொன்றையும் செய்தான். கணினியை முழுமையாக நிறுத்தி, மீண்டும் இயக்கினான். யாரும் தொடாமலேயே விபிஎன் சேவை தானாகத் தொடங்கியது. அதைப் பார்த்த பின்னரே அவன் அலுவலகக் குறிப்பேட்டைத் திறந்தான். அறிகுறி, பதிவேட்டில் கண்ட செய்தி, காரணம், செய்த திருத்தம் ஆகியவற்றை வரிசையாக எழுதினான். இறுதியில் ஒரு வரியைச் சேர்த்தான்: ‘எதை மாற்றினாலும், மாற்றிய அன்றே நிறுத்தித் தொடங்கிப் பார்க்கவும்.’