வெப்பத்தால் கலங்கும் கரைசல்களும் ஒளிச்சிதறலும்

ஹைதராபாத் நகரில் டிசம்பர் மாத இரவுகளில் வெப்பநிலை 20 பாகை சென்டிகிரேடுக்கும் கீழே இறங்குகிறது. மே மாதப் பிற்பகல்களில் 40 பாகையை எட்டுவதுண்டு. இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே, ஏறத்தாழ 32 பாகையில், தன் இயல்பை மாற்றிக்கொள்ளும் பாலிமர் ஒன்று உண்டு. பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு என்பது அதன் பெயர். அதை நீரில் கரைத்துக் குப்பியில் வைத்தால், குளிர்காலத்தில் கரைசல் தெளிந்த நீராகவே தோன்றும். கோடை நண்பகலில், குளிரூட்டப்படாத அறையில், அதே கரைசல் மோர்போல் வெளுத்துவிடும். குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் மீண்டும் தெளியும். வெல்லமும் படிகாரமும் சூட்டில் மிகுதியாகக் கரைவதையே கண்டு பழகிய மாணவனுக்கு இது தலைகீழ் விதியாகப்படும்.

இப்பாலிமரின் சங்கிலியில் நீரை விரும்பும் அமைடு தொகுதிகளும், நீரை வெறுக்கும் ஐசோபுரோப்பைல் தொகுதிகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. குளிர்ச்சியில் நீர் மூலக்கூறுகள் அமைடுடன் ஹைட்ரஜன் பிணைப்பால் இணைந்தும், மற்றத் தொகுதிகளைச் சூழ்ந்து ஒழுங்காக நின்றும் சங்கிலியைக் கரைசலில் தாங்குகின்றன. வெப்பம் ஏறும்பொழுது அவ்வொழுங்கு குலைந்து நீர் விடுபடுகிறது. சங்கிலி தன்மேல் தானே சுருண்டுகொள்கிறது. இம்மாற்றத்தைக் கனடாவில் ஹெஸ்கின்ஸ், கில்லெட் என்பார் 1968இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். உயிரணுக்களை வளர்க்கும் தட்டில் இதை மெல்லிய பூச்சாக இட்டு, 37 பாகையில் வளர்த்துப் பின் குளிர்வித்தால், உயிரணுப் படலம் கிழியாமல் பிரிந்து வருகிறது. ஆகவே இது வெறும் வேடிக்கைப் பொருளன்று.

கலங்கலைக் கண்டதும் சங்கிலி சுருண்டுவிட்டது என்று முடிவு கட்டுவது பொதுவான வழக்கம். அது சரியன்று. இங்கே நிகழ்வன இரண்டு: தனிச் சங்கிலி சுருங்குதல் ஒன்று, சுருங்கிய சங்கிலிகள் பல ஒன்றோடொன்று ஒட்டித் திரளுதல் மற்றொன்று. கண்ணுக்குத் தெரியும் வெண்மை திரளுதலால் விளைவது. முதல் நிகழ்ச்சியைத் தனியே பிரித்தறியவே சிதறல் முறைகள் தேவைப்படுகின்றன.

திரவங்களில் ஒளி சிதறுவதைக் கல்கத்தாவில் ஆராய்ந்து ராமன் 1922இல் நூலாகவே வெளியிட்டார். பாலிமர் கரைசல்களுக்கு அம்முறையைப் பொருத்தி, மூலக்கூறு எடையை அளக்க வழிகாட்டியவர் டிபை, ஆண்டு 1944. கரைசலினூடே லேசர் கற்றையைச் செலுத்தி, பல கோணங்களில் சிதறும் ஒளியின் செறிவை அளந்தால், சங்கிலி எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பது புலனாகும். இது சுழற்சி ஆரம் எனப்படும். சிதறிய ஒளி கணந்தோறும் மினுங்குவதை அளப்பது வேறொரு முறை. சிறு துகள் விரைந்து அலையும், மினுக்கமும் விரைவாகும். இதிலிருந்து நீர்வழி ஆரம் கிடைக்கிறது. முதல் ஆரத்தை இரண்டாவதால் வகுத்தால், விரிந்து கிடக்கும் சங்கிலிக்கு ஏறத்தாழ 1.5 என்றும், கெட்டியான உருண்டைக்கு 0.77 என்றும் வரும். ஹாங்காங்கில் ஊ, வாங் ஆகிய இருவர் மிகமிக நீர்த்த கரைசலில், மிக நீண்ட சங்கிலிகளைக் கொண்டு, திரளுதல் குறுக்கிடாமல் தனிச் சங்கிலி உருண்டையாவதையும் மீண்டும் விரிவதையும் 1998இல் அளந்து காட்டினர்.

இவ்வளவீட்டில் இடறும் இடங்கள் சில உண்டு. மிகச் சிறு துகள்களில் சிதறல் ஆரத்தின் ஆறாம் படியைப் பின்பற்றுகிறது. பத்து மடங்கு பெரிய ஒரு துகள் பத்து லட்சம் மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். எனவே தூசியை நுண்துளைச் சவ்வினால் வடித்தாக வேண்டும். அவ்வடிகட்டலைக் கோடைப் பகலில் ஆறவிடாது செய்தால் பாலிமரே சவ்வில் தங்கிவிடும்; ஹைதராபாத் போன்ற ஊரில் இது நினைவிற் கொள்ளத்தக்கது. மேலும், 25 பாகையிலிருந்து 35 பாகைக்குள் நீரின் பாகுத்தன்மை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதைத் திருத்தாவிடில், சுருங்காத துகளும் சுருங்கியதாகவே கணக்குக் காட்டும்!

சங்கிலி மிகச் சிறிதாயின் ஒளியலை அதற்குப் பெரிது. கோண வேறுபாடு தெரியாது. அப்பொழுது நியூட்ரான் சிதறல் உதவுகிறது. டிராம்பேயில் 1985இல் இயங்கத் தொடங்கிய துருவா உலையில் அதற்கான கருவிகள் உள்ளன. சாதாரண ஹைட்ரஜனும் கன ஹைட்ரஜனும் நியூட்ரானை வெவ்வேறு விதமாகச் சிதறடிப்பதால், கனநீரில் கரைத்த பாலிமர் எடுப்பாகத் தெரியும். தெலங்கானாவின் மணுகூரு ஆலையில் உற்பத்தியாவது இக்கனநீரே. ஆயினும் கனநீரில் மாறும் வெப்பநிலை சற்று உயர்வதால், இரு நீர்களிலும் பெற்ற அளவுகளை அப்படியே ஒப்பிடலாகாது.

இப்பாலிமர் பள்ளிகளுக்கு எளிதில் கிட்டாது. மெதில் செல்லுலோஸ் கொண்டு ஆசிரியர்கள் இதையொத்த விளைவைக் காட்டலாம். சுமார் 30 மில்லிலிட்டர் வெந்நீரில் ஒரு கிராம் தூளைத் தூவிக் கலக்குக; அது கரையாமல் மிதக்கும். பின் 70 மில்லிலிட்டர் பனிக்கட்டி நீரைச் சேர்த்துக் கிளறிக் குளிரவிட்டால் தெளிந்து கரையும். அக்கரைசலைச் சோதனைக் குழாயில் ஊற்றி, 70 பாகை நீரில் நிறுத்தி, இருண்ட அறையில் பக்கவாட்டிலிருந்து கைவிளக்கின் கற்றையைப் பாய்ச்சுக. முதலில் மங்கலாயிருந்த ஒளித்தடம் சூடேற ஏறப் பளிச்சிடும். லேசர் விளக்கை மாணவர் கையில் கொடுத்தல் வேண்டா, கண்ணுக்குக் கேடு.