எச்சரிக்கை மெயில்: எது அசல், எது தூண்டில்?

2016 மார்ச் 19. ஹிலாரி கிளின்டனின் அதிபர் தேர்தல் பிரசாரக் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயிலுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு யாரோ நுழையப் பார்த்தார்கள், இடம் உக்ரைன், நாங்கள் தடுத்துவிட்டோம், உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்றது அது. நேரமும் ஐபி எண்ணும் போட்டிருந்தது. கீழே ஒரு பொத்தான். சந்தேகம் வந்து, குழுவின் கம்ப்யூட்டர் உதவிப் பிரிவிடம் கேட்டார்கள். ‘முறையான மெயில்தான், உடனே மாற்றச் சொல்லுங்கள்’ என்று பதில் வந்தது. ஆங்கிலத்தில் ‘முறையற்ற’ என்று எழுத நினைத்து எழுத்து விட்டுப்போனதாக அந்த ஊழியர் பின்னால் சொன்னார். பொத்தானை அழுத்தினார்கள். அக்டோபரில் பொடெஸ்டாவின் மெயில்கள் விக்கிலீக்ஸில் வெளிவரத் தொடங்கின. 2018 ஜூலையில் 12 ரஷ்ய ராணுவ உளவு அதிகாரிகள் மீது அமெரிக்கா தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, அந்தக் கணக்கிலிருந்து 50,000-க்கு மேற்பட்ட மெயில்கள் திருடப்பட்டதாகச் சொல்கிறது.

எழுத்துப் பிழையால் வந்த வினை என்றே இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அதே பதிலில் கூகுளின் உண்மையான பாதுகாப்புப் பக்க முகவரியும் இருந்தது, அங்கே போய் மாற்றச் சொல்லி. அந்த வழியில் போயிருந்தால், தீர்ப்பு தவறாக இருந்தும் ஒன்றும் ஆகியிருக்காது. மெயில் அசலா போலியா என்று கண்டுபிடிப்பதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியை, எந்த வழியாக உள்ளே போகிறோம் என்பதில் காட்டினால் போதும் என்பது என் கட்சி. புழக்கத்தில் இருக்கும் நம்பிக்கைகள் பலவும் இதற்கு நேர்மாறாக, மெயிலின் முகத்தைப் பார்த்தே ஜாதகம் கணிக்கச் சொல்கின்றன.

நம்பிக்கை: அனுப்பியவர் முகவரி சரியாக இருந்தால் மெயில் அசல்.

மெயில் அனுப்பும் விதிமுறை 1982-ல் எழுதப்பட்டது. தபால் உறையின் மேல் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதேபோலத்தான் அது அமைந்தது. பொடெஸ்டாவுக்கு வந்த மெயிலிலும் அனுப்புநர் இடத்தில் கூகுளுக்குச் சொந்தமான முகவரியே தெரிந்தது. 1982-க்குப் பின் நிலைமை தேறியிருக்கிறது. அனுப்பும் சர்வருக்கு உரிமை உண்டா, வழியில் மெயிலைத் திருத்தினார்களா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற ஏற்பாடுகள் வந்துவிட்டன. மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இவற்றைக் கட்டாயமாக்கின.

அப்படியும் ஓட்டை இருந்தது. 2025 ஏப்ரலில் நிக் ஜான்சன் என்ற மென்பொருளாளருக்கு கூகுளின் முகவரியிலிருந்து ஒரு மெயில் வந்தது. நீதிமன்றம் உங்கள் கணக்கு விவரங்களைக் கேட்டிருக்கிறது என்றது. டிகிம் சோதனையில் தேறியது. அவருக்கு முன்பு வந்திருந்த அசல் எச்சரிக்கைகளோடு ஒரே கோவையில் போய் உட்கார்ந்துகொண்டது. எப்படி? ஏமாற்றுக்காரர்கள் தாங்களே ஒரு செயலியைப் பதிவு செய்து, அதற்குப் பெயர் வைக்க வேண்டிய கட்டத்தில் மிரட்டல் வாசகம் முழுவதையும் எழுதினார்கள். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு கூகுளே அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. கூகுளின் கையெழுத்தோடு வந்த அதை அப்படியே மற்றவர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். லிங்க் போய்ச் சேர்ந்த பக்கமும் கூகுள் சைட்ஸில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போடக்கூடிய பக்கம்தான். அந்த வழியை கூகுள் பிறகு அடைத்தது. முகவரி தப்பாக இருந்தால் மெயில் போலி என்று அடித்துச் சொல்லலாம். சரியாக இருந்தால் அசல் என்று சொல்ல முடியாது.

தப்பைக் கண்டுபிடிப்பதும் அத்தனை சுலபம் இல்லை. ஆங்கிலத்தின் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் சின்னத் திரையில் எம் போலத் தெரியும். மைக்ரோசாஃப்ட் பெயரில் இந்த வித்தை பலமுறை நடந்திருக்கிறது.

நம்பிக்கை: எழுத்துப் பிழை இருந்தால் போலி, நல்ல மொழியில் இருந்தால் அசல்.

இது பழைய கதை. இன்று ஏஐ பல மொழிகளில் பெரிய பிழையில்லாமல் எழுதிக் கொடுக்கும். சொல்லப்போனால், பெரிய நிறுவனங்கள் தமிழில் அனுப்பும் அசல் அறிவிப்புகளில்தான் கொச்சையான மொழிபெயர்ப்பு வாடை அதிகம்.

நம்பிக்கை: என் பெயர், போன் நம்பர், பழைய பாஸ்வேர்டு எல்லாம் தெரிந்திருக்கிறதே, அப்படியானால் உண்மை.

எப்போதோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியல்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. 2018 ஜூலை வாக்கில், பழைய பாஸ்வேர்டைத் தலைப்பிலேயே போட்டுப் பணம் கேட்டு மிரட்டும் மெயில்கள் உலகம் முழுக்கப் பரவின. அந்தப் பாஸ்வேர்டை இன்னும் எங்காவது வைத்திருந்தால் மாற்ற வேண்டும். அவ்வளவே.

நம்பிக்கை: பூட்டுச் சின்னம் இருக்கும் தளம் பாதுகாப்பானது.

உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் பூட்டுக்கு அர்த்தம். அந்தத் தளமே திருடனுடையதாக இருந்தால்? பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே 2023-ல் குரோம் தன் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

நம்பிக்கை: நான் இருப்பது திருநெல்வேலி. மெயில் மும்பை என்கிறது. நிச்சயம் போலி, அல்லது நிச்சயம் ஹேக்கர்.

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். ஐபி எண்ணை வைத்துச் சொல்லும் இடம் உத்தேசம்தான். மொபைல் நெட்டில் அது வேறு ஊரைக் காட்டுவது சகஜம். ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரிண்ட் எடுக்க அவசரமாக ஜிமெயிலைத் திறப்போம். காசு கொடுத்துவிட்டு வெளியே வருவதற்குள் ‘விண்டோஸ் சாதனத்தில் புதிய உள்நுழைவு’ என்று போன் அலறும். அது அசல் எச்சரிக்கை. திருடன் நாம்தான். ஆனால் அந்த மெயிலைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்: கடைக் கம்ப்யூட்டரில் லாக் அவுட் செய்தோமா என்பதை அது நினைவூட்டுகிறது. செய்யவில்லையென்றால் போனிலிருந்தே அந்தச் சாதனத்தை வெளியேற்றலாம்.

நாம் கேட்காமலே வரும் பாஸ்வேர்டு மாற்றும் ரகசிய எண்ணும் இந்த ரகம். யாரோ நம் மெயில் முகவரியைத் தட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் மெயில் அசல், கணக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த எண்ணை யாரிடமும் சொல்லாமல் இருந்தால் போதும். எல்லா எச்சரிக்கையும் ஏமாற்று என்று மொத்தமாக அழிப்பவர்களும் இருக்கிறார்கள். உண்மையான திருட்டைச் சொல்ல வந்த மெயிலும் அந்தக் குப்பையோடு போய்விடும்.

நம்பிக்கை: ஓடிபி போட்டிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது.

போலிப் பக்கம் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் அந்த நொடியிலேயே அசல் தளத்தில் போட்டு உள்ளே போய்விடும். ஓடிபி இல்லாததைவிட இருப்பது மேல், ஆனால் தூண்டிலுக்கு அது முழுத் தடை இல்லை. பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் பாஸ்கீயும், யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியும் வேறு மாதிரி: தளத்தின் முகவரியை உங்களுக்குப் பதிலாகக் கருவியே ஒப்பிடும், பொருந்தவில்லையென்றால் வேலை செய்யாது. 2017-லிருந்து தன் ஊழியர்கள் 85,000-க்கு மேற்பட்டோருக்கு இந்தச் சாவியைக் கட்டாயமாக்கிய கூகுள், அதன்பின் ஒருவருடைய அலுவலகக் கணக்கும் தூண்டிலில் சிக்கவில்லை என்று 2018-ல் சொன்னது.

சரி, மெயில் வந்துவிட்டது. என்ன செய்வது? மூடுங்கள். பிரவுசரில் நீங்களாகவே முகவரியை அடித்தோ, போன் செட்டிங்ஸ் வழியாகவோ கணக்குக்குள் போங்கள். கூகுளில் ‘பாதுகாப்பு’ பகுதியில் சமீபத்திய பாதுகாப்பு நிகழ்வுகளும் லாகின் ஆன சாதனங்களும் வரிசையாக இருக்கும்; மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் சமீபத்திய செயல்பாடு என்று ஒரு பக்கம் உண்டு. மெயில் சொன்ன லாகின் உண்மையானால் அங்கே பதிவாகியிருக்கும். சந்தேகம் தீராவிட்டால் அங்கிருந்தே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை.

ஏற்கெனவே லிங்க்கில் போய் விவரம் கொடுத்துவிட்டவர்கள் பாஸ்வேர்டை மாற்றியதோடு நிறுத்தக் கூடாது. மீட்பு போன் நம்பரும் மெயிலும் உங்களுடையவைதானா, அறிமுகமில்லாத செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். 2017 மே மாதம் ‘கூகுள் டாக்ஸ்’ என்ற பெயரில் பரவிய போலிச் செயலி பாஸ்வேர்டே கேட்கவில்லை, அனுமதி மட்டும்தான் கேட்டது. பணமும் போயிருந்தால் இந்தியாவில் 1930-க்கு உடனே போன் செய்ய வேண்டும். கடைசியாக, ஜிமெயில் செட்டிங்ஸில் ‘ஃபார்வர்டிங்’, ‘ஃபில்டர்’ இரண்டையும் திறந்து பாருங்கள். வங்கி மெயில்களின் ஒரு பிரதி வேறு முகவரிக்குப் போகும்படி திருடன் அங்கே ஒரு வரி எழுதி வைத்திருந்தால், நீங்கள் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அது போய்க்கொண்டேதான் இருக்கும்.