கூலி, கடன், காற்று: ஆய்வுக்கு வரும் பிள்ளைகளுக்கு

பொருளியல் படித்து மன்னார் மாவட்டத்தின் நானாட்டான் பக்கம் ஆய்வுக்கு வரும் பிள்ளைகளே, உழைப்பு, நிதி, தூய எரிசக்தி என்று மூன்று தனிப்பாடங்களாகப் படித்திருப்பீர்கள். இங்கே தகப்பனுக்கு வயல் கூலி, தாய்க்கு நுண்கடன், வாசலில் மின் பட்டியல் என மூன்றும் ஒரே வீட்டில் இருக்கும். சேர்த்தே வாசியுங்கள்.

1. போகம் அறிந்து போங்கள். காலபோக (பெரும்போக) விதைப்புக்கு நகை அடகுக்குப் போகும். மாசி, பங்குனியில் நெல்லுக்கு விலை நின்றால்தான் மீளும். ஒரே வீட்டில் இரண்டு காலத்திலும் கேளுங்கள்.

2. காணி இல்லாதவரைத் தேடுங்கள். கமக்காரர் அமைப்பின் பதிவேட்டில் அவர் பெயர் இராது. வெட்டு மெசின் வந்தபின் அவருடைய வேலைநாட்கள் என்னவாயின என்று கேளுங்கள்.

3. பெண்களிடம் தனியே பேசுங்கள். நுண்கடனுக்குக் கையெழுத்திட்டவர்கள் பெரும்பாலும் அவர்களே. 2018இல் வரட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட அவர்களது கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டிவந்தது. வட்டியோடு நிற்காமல், தவணைக்காசு எந்த வேலையிலிருந்து வந்தது என்றும் கேளுங்கள்.

4. மெகாவாட்டைப் பார்த்து மயங்காதீர்கள். மன்னார்த் தீவின் தம்பபவனி காற்று மின் நிலையத்தில் 30 காற்றாலைகள்; ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. அது உச்சத்திறன். சோளகம் (தென்மேற்குக் காற்று) பலக்கும் மாதத்தின் உற்பத்தி வேறு, காற்றுத் தணிந்த மாதத்தின் உற்பத்தி வேறு. யூனிட் கணக்கை மாதவாரியாக எடுங்கள்.

5. கடனின் நாணயத்தைப் பாருங்கள். தம்பபவனித் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி கொடுத்தது 20 கோடி டொலர் கடன். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. காற்று இலவசம், அதைப் பிடிக்க வாங்கிய பணம் இலவசமில்லை.

6. எதிர்ப்பையும் தரவாக எடுங்கள். 2025இல் மன்னார்த் தீவு மக்கள் வெள்ளநீர் தேங்குவதையும் தொழில் கெடுவதையும் சொல்லி, காற்றாலைகளுக்கு எதிராக வீதிக்கு வந்தார்கள். பறவைகளையும் மறக்காதீர்கள்: வலசைப் பறவைகள் இறங்கும் வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம். நாட்டுக்குக் காற்று மின்சாரம் வேண்டும். இழப்பு யாருக்கு, எவ்வளவு, ஈடுசெய்வது யார் என்ற கணக்கும் வேண்டும். இரண்டையும் எழுதும் துணிவு உங்களுக்கு வேண்டும்.

7. அறிக்கையை முதலில் ஊருக்கு வாசியுங்கள். கமக்காரர் கூட்டத்திலும் மீனவர் சங்கத்திலும் தமிழில் விளக்குங்கள். பிழை இருந்தால் அவர்கள் திருத்துவார்கள். திருத்திய பிறகு கொழும்புக்கு அனுப்புங்கள்.