நாசியும் நாவும்: தேவன் தந்த இரண்டு வாசல்கள்

தியானப் பகுதி: எண்ணாகமம் 11:4-9, அப்போஸ்தலர் 9:43, 10:5-10



வெளியூர் உறவினர்கள் ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ பஸ்ஸை விட்டு இறங்கினதும் முதல் காரியமாக மூக்கைப் பொத்துவார்கள். "எப்படித்தான் இங்க காலம் தள்ளுறீங்களோ!" என்பார்கள். நாமோ, "எந்த நாத்தம்? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்போம். அதே தெருவில் மத்தியானம் சீரகச் சம்பா பிரியாணிக்கு தம் திறந்தால் போதும், நம்முடைய மூக்கு உடனே விழித்துக்கொள்ளும். புளிப்புக் கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும் இலைக்கு வருமுன்னே நாவில் நீர் ஊறும்.

கண்ணுக்காக ஜெபிக்கிறோம், காதுக்காக ஜெபிக்கிறோம். மூக்குக்காகவும் நாக்குக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுகிறவர்கள் அபூர்வம். 2020, 2021-ஆம் வருஷங்களில் கொரோனா வந்தபோதுதான் அநேகருக்கு இதன் அருமை தெரிந்தது. "காபி வெந்நீர் மாதிரி இருக்கு, மல்லிப்பூவைக் கிட்ட வச்சாலும் ஒண்ணும் தெரியலை" என்று எத்தனை வீடுகளில் கலங்கினார்கள்! ஆகவே இந்த மாதம் இவ்விரண்டு வாசல்களையும் குறித்துப் படிப்போம்.

1. ருசியில் பெரும்பங்கு மூக்கினுடையது

நாக்கு தானாக அறிவது கொஞ்சமே. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகிய நான்கு. ஐந்தாவதாக, கறிச்சாறிலும் காளானிலும் தக்காளியிலும் உள்ள சுவையை 1908-ல் ஜப்பான் விஞ்ஞானி கிகுனே இக்கேடா கண்டறிந்து 'உமாமி' என்று பெயரிட்டார். மற்றபடி இது சீரகமா, ஏலக்காயா, புதினாவா என்று பிரித்துச் சொல்லுவது மூக்குதான். நாம் மெல்லும்போது எழும்புகிற வாசனை தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது.

சந்தேகமா? மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு நாலு கொத்தமல்லித் தழையை மென்று பாருங்கள். ஏதோ புல்லைத் தின்பதுபோல இருக்கும். பிடித்த கையை விடுங்கள், மல்லி வாசனை சட்டென்று வந்து நிற்கும். ஜலதோஷக்காரனுக்குச் சாப்பாடு சப்பென்று இருப்பது இதனால்தான்.

மனுஷ மூக்கில் ஏறக்குறைய 400 வகை வாசனை வாங்கிகள் உண்டு. இவற்றைக் குறித்து 1991-ல் எழுதிய லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்ற இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. வாசனைச் செய்தி, மூளையில் ஞாபகத்துக்கும் உணர்ச்சிக்கும் உரிய இடங்களுக்கு வெகு சீக்கிரமாய்ப் போய்ச் சேருகிறது. பெருங்காயம் தாளிக்கிற மணம் வந்ததும் அம்மா ஞாபகம் வருகிறதல்லவா? ஈசாக்கு கண் மங்கிய நிலையில் மகனுடைய வஸ்திரத்தை முகர்ந்தான். உடனே வயல்வெளி அவன் மனதில் வந்தது, ஆசீர்வாதமும் வாயில் வந்தது (ஆதியாகமம் 27:27).

நம்முடைய முன்னோர் அறுசுவை என்றார்கள். அதில் காரமும் துவர்ப்பும் சேரும். காரம் என்பது எரிச்சலை அறிகிற நரம்பின் வேலை. துவர்ப்பு நம்ம ஊர் சமாசாரம்! கடுக்காயை மென்றால் வாய் இழுத்துப் பிடிக்கிறதே, அதிலுள்ள டானின் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. அதே டானின்தான் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருந்து பச்சைத்தோலுக்குள் இறங்கி, அதன் புரதத்தைப் பற்றிக்கொண்டு, அழுகாத லெதராக்குகிறது. குரோம் வருவதற்கு முன்னே நம்முடைய தாத்தாக்கள் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோலைப் பதனிட்டார்கள்.

2. ருசி போனது மன்னாவிலா, வாயிலா?

மன்னா முதலில் கிடைத்தபோது அதின் ருசியை வேதம் தேன் கலந்த பணியாரத்துக்கு ஒப்பிடுகிறது (யாத்திராகமம் 16:31). எண்ணாகமம் 11-ல் அதே ஜனங்கள் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். மன்னா மாறவில்லை. பழகிப்போனது, அவ்வளவுதான்.

நம்முடைய மூக்கும் அப்படியே. புதிதாய் வருகிறதை உடனே அறிவிக்கும், கொஞ்ச நேரம் போனால் பேசாமல் இருந்துவிடும். டேனரி நாற்றம் நமக்குத் தெரியாமல் போவது இதனால் ஒருவகையில் தயவுதான். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் நாம் மனசையும் மூடிவிடுகிறோம். ஷூ கம்பெனியில் மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறந்து, அடுத்த மணிக்குள் விழுங்குகிறோம். வீட்டில் செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறோம். "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று சாயங்காலம் கேட்டால் சொல்லத் தெரியாது. விடியற்காலை எழுந்து சமைத்து, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடின அந்த சகோதரிக்கு எவ்வளவு வருத்தம்! முதல் கவளத்தையாவது நிதானமாய் மென்று, "ரசம் நல்லா இருக்கும்மா" என்று சொல்லக் கூடாதா?

இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேலூர்ப் பக்கத்து மண்ணின் ருசியை அரசாங்கமே அடையாளம் வைத்துப் பதிவு செய்திருக்கிறது. நம்முடைய வீட்டு அடுப்பில் அது வேகும்போது நாம் கவனிக்காமல் போகலாமா?

3. மூக்கும் நாக்கும் காவல்காரர்

சமையல் காஸுக்குச் சொந்தமாய் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டான் என்ற நாறும் பொருளைக் கலக்கிறார்கள். வயதாக ஆக முகரும் சக்தி குறையும். ஆகவே வீட்டில் பெரியவர்கள் தனியாய் அடுப்படியில் இருந்தால் கவனியுங்கள்.

டேனரியில் வேலை செய்யும் சகோதரர்கள் இதை அவசியம் அறியவேண்டும். கழிவுத் தொட்டியில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகின முட்டை போல நாறும். அளவு மிஞ்சினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். "நாத்தம் போயிடுச்சு, இனி இறங்கலாம்" என்று நினைக்கிற அந்த நேரமே உயிருக்கு ஆபத்தான நேரம். ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்றப் பின்னாலேயே குதிக்காதிருங்கள், அப்படித்தான் இரண்டு மூன்று பேராகச் சாகிறார்கள். மேஸ்திரி சொன்னாலும் முதலாளி சொன்னாலும், கருவியும் பாதுகாப்பும் இல்லாமல் தொட்டிக்குள் இறங்கவேண்டாம்.

நாக்கும் சாட்சி சொல்லும். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த தண்ணீரின் ருசியைப் பெரியவர்கள் இன்றும் சொல்லுவார்கள். கிணற்றுத்தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கியதை ஜனங்களுடைய நாக்கே முதலில் கண்டது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் நடக்கும் இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமற்போனதை அதில் எடுத்துக்காட்டி, கெடுத்தவனே ஈடு செய்யவேண்டும் என்றது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் இவ்விஷயத்தில் மறுபடியும் உத்தரவிட்டது. தண்ணீரின் ருசியைப் பற்றிப் பேசுவது உலகக் காரியம் என்று நாம் ஒதுங்க முடியாது.

4. சீமோன் வீட்டு மாடி

மிஷ்னா என்ற பழைய யூத நூல், தோல் பதனிடும் இடம் ஊருக்கு 50 முழம் தள்ளி, கிழக்குப் பக்கத்தில் மட்டுமே இருக்கலாம் என்கிறது. நாற்றத்தினாலே அவ்வளவு ஒதுக்கம்! பேதுருவோ யோப்பாவில் தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில் அநேக நாள் தங்கினார். மத்தியானம் அந்த வீட்டு மாடியில்தான் அவருக்குப் பசி எடுத்தது. கீழே சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் தரிசனம் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு வீடு தேடியிருந்தால்?

பிரியமானவர்களே, டேனரி வேலை முடித்துவரும் சகோதரன் பக்கத்தில் உட்கார்ந்தால் நாம் நகர்ந்து உட்காருகிறோமா? "டேனரி மாப்பிள்ளையா?" என்று முகம் சுளிக்கிறோமா? அந்த நாற்றத்தில் அவர் சம்பாதித்ததே பிள்ளைகளுக்குச் சோறாய் மணக்கிறது. ருசியை அனுபவிக்கிறவன், அந்த ருசிக்காக நாற்றத்தைச் சகித்தவனையும் கனம்பண்ண வேண்டும்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

* தினம் ஒரு வேளையாவது செல்போனும் டிவியும் இல்லாமல் குடும்பமாய் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.
* சாப்பிடுமுன் ஒருதரம் முகர்ந்து, என்னென்ன வாசனை என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கண்ணைக் கட்டி மிளகு, சீரகம், கிராம்பு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.
* கொரோனாவுக்குப் பின் வாசனை திரும்பாதவர்கள் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் சில விநாடிகள் கவனமாய் முகரட்டும். ஜெர்மனியில் தாமஸ் ஹம்மல் என்பவர் 2009-ல் வெளியிட்ட பயிற்சி இது. குறைந்தது 12 வாரம் விடாமல் செய்யவேண்டும். திடீரென்று வாசனை போனால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.
* சமைத்த கைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

சங்கீதம் 34:8-ல் தாவீது கர்த்தருடைய நன்மையைச் சொல்ல நாக்கின் வேலையையே எடுத்துக்கொண்டான். இன்றைய போஜனத்தை ருசி தெரியாமல் விழுங்குகிற வாய்க்கு அந்த வசனம் எப்படி விளங்கும்? அடுத்த கவளத்தை ஸ்தோத்திரத்தோடு மெல்லுவோம். ஆமென்.