தொலைவில் நின்று அருகில் காண்போம்

நுழையும் முன்

விடுமுறையில் தொடர்வண்டியிலும் பேருந்திலும் நெடுந்தொலைவு செல்லும் நாம், வழியில் காணும் பறவைகளையும் விலங்குகளையும் படமெடுக்க விரும்புகிறோம். அவையோ எட்டாத் தொலைவில் இருக்கின்றன. அத்தொலைவை எவ்வாறு குறைப்பது? எந்தத் தொலைவைக் குறைக்கக் கூடாது? இப்பாடம் இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுகிறது.

நீருக்கு அப்பால்

இராசத்தான் மாநிலத்தின் பரத்பூர் நகரை ஒட்டி அமைந்துள்ளது கேவலாதேவ் தேசியப் பூங்கா. ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இப்பூங்கா, 1985ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பெற்றது. பருவமழை பெய்து ஏரிகள் நிரம்பியதும், நீரின் நடுவே நிற்கும் மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. பார்வையாளர்கள் மிதிவண்டி ரிக்சாவில் அமர்ந்து கரை வழியே செல்கின்றனர். கரைக்கும் கூட்டுக்கும் இடையே நீர் பரந்து கிடக்கிறது. கைப்பேசியில் எடுத்த படத்தில் நாரை ஒரு வெண்புள்ளியாகவே தோன்றுகிறது.

இன்னும் சற்று அருகே சென்றால் என்ன? செல்லலாகாது. அஞ்சிய தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுந்துவிடும். நிழலின்றி வெயிலில் கிடக்கும் குஞ்சு வாடிப்போகும். காத்திருக்கும் காகம் முட்டையைக் கவர்ந்து செல்லும். ஒரு படத்திற்கு ஓர் உயிரை விலையாகத் தருதல் தகுமா? ஆகவே, மனிதன் நின்ற இடத்திலேயே நின்று, உருவத்தை மட்டும் அருகில் கொணர வேண்டும்.

இணைப்பு வில்லை

ஒளிப்படக் கருவியின் வில்லை எவ்வளவு தொலைவை எட்டும் என்பதை அதன் குவியத் தொலைவு காட்டும். இது மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. பறவைகளைப் படமெடுப்போர் 600 மில்லிமீட்டர் வில்லையைப் பெரிதும் விரும்புவர். ஆனால், அவ்வகையில் ஒளியை மிகுதியாக வாங்கும் பெரிய வில்லை ஒன்றின் எடையே ஏறத்தாழ 3 கிலோ இருக்கும். பயணம் செல்வோருக்கு அது பெருஞ்சுமை.

இச்சுமையைக் குறைக்க உதவுவது டெலிகன்வெர்ட்டர் என வழங்கப்பெறும் இணைப்பு வில்லை. உள்ளங்கையில் அடங்கும் இதனைக் கருவிக்கும் வில்லைக்கும் இடையே பொருத்துவர். 1.4 மடங்கு இணைப்பு, 300 மில்லிமீட்டரை 420ஆக உயர்த்தும். 2 மடங்கு இணைப்பு 600ஆக உயர்த்தும். எல்லா வில்லைகளும் இதனை ஏற்பதில்லை. வாங்குமுன் பொருத்திப் பார்த்தல் நன்று.

ஒளியும் நடுக்கமும்

இந்தப் பெருக்கம் விலையின்றிக் கிடைப்பதன்று. 2 மடங்கு இணைப்பில் உருவம் நீளத்தில் இருமடங்கும் அகலத்தில் இருமடங்கும் பெருகுகிறது. அதாவது, பரப்பு 4 மடங்காகிறது. ஒரு சுவருக்குப் போதுமான வண்ணத்தை நான்கு சுவர்களுக்குப் பூசினால் வண்ணம் மெலியும் அல்லவா? அதுபோல ஒளியும் கால் பங்காக மெலிகிறது. முன்பு 1/800 நொடியில் எடுத்த படத்திற்கு இப்போது 1/200 நொடி தேவைப்படும்.

உருவத்துடன் கைநடுக்கமும் பெருகும். 600 மில்லிமீட்டர் வில்லையைக் கையில் பிடித்து எடுக்க, ஏறத்தாழ 1/600 நொடி அல்லது அதனினும் குறைந்த நேரமே ஏற்றது என்பது ஒளிப்படக் கலைஞர்களின் பொதுவிதி. 1/200 நொடியில் படம் மங்கிவிடும். எனவேதான் ஒளி குறைந்த காட்டில் 1.4 மடங்கு இணைப்பையே பலரும் தேர்கின்றனர். அதில் ஒளி பாதியாகக் குறைவதோடு நின்றுவிடுகிறது.

நடுக்கத்தைத் தடுக்க முக்காலி உதவும். அதைச் சுமக்க இயலாதோர் வெறும் துணிப்பை ஒன்றை மடித்து எடுத்துச் செல்லலாம். சென்ற ஊரில் அதில் அரிசியோ பயறோ நிரப்பி, வண்டியின் சன்னலிலோ கைப்பிடிச் சுவரிலோ வைத்து, அதன்மேல் வில்லையைப் பதித்தால் கருவி அசையாது.

இணைப்பு வில்லை இல்லாதோரும் வருந்த வேண்டுவதில்லை. தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையில் கைப்பேசியைப் பொருத்திப் படமெடுக்கலாம். ஆனால், கைப்பேசித் திரையை விரலால் விரித்துப் பெருக்குவது, பெரும்பாலும் எடுத்த படத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதே ஆகும். அவ்வாறு வெட்டுவதால் புதிய நுணுக்கம் எதுவும் படத்தில் சேராது. நண்பகலில் தரைவெப்பத்தால் காற்று அலையாடும்போது எவ்வளவு சிறந்த வில்லையும் தெளிந்த படம் தராது. காலை வேளையே சிறந்தது.

முன்னோடி ஒருவர்

திருநெல்வேலியில் 1912ஆம் ஆண்டு பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களில் பதிவுசெய்த இவர், பல கருவிகளின் பகுதிகளை இணைத்துத் தமக்கெனக் கருவி ஒன்றை அமைத்துக்கொண்டார். விலங்குகளின் இயல்பை அறிந்து எழுதிய இவருக்கு 1970இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

அதே திருநெல்வேலி மாவட்டத்தில் கூந்தன்குளம் என்னும் சிற்றூர் உள்ளது. பரத்பூரில் நீருக்கு அப்பால் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரை, இங்கே ஊர்மக்களின் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகிறது. அவ்வூரார் அவற்றைத் துன்புறுத்துவதில்லை. ஆதலால் அவை அஞ்சுவதில்லை. வில்லையால் குறைக்க இயலாத தொலைவையும் நம்பிக்கை குறைத்துவிடும்.

சொற்பொருள்

வில்லை – ஒளியை வளைத்து உருவத்தைத் தோற்றுவிக்கும் கண்ணாடி
களம் – இடம்
கவர்தல் – பறித்துக்கொள்ளுதல்
முன்னோடி – வழிகாட்டிச் சென்றவர்

பயிற்சி

1. கூட்டின் அருகே செல்லலாகாது என்பதற்குப் பாடம் கூறும் காரணங்கள் யாவை?
2. 200 மில்லிமீட்டர் வில்லையுடன் 1.4 மடங்கு இணைப்பைப் பொருத்தினால் குவியத் தொலைவு எவ்வளவு ஆகும்?
3. 1/800 நொடியில் எடுத்த படத்திற்கு, 1.4 மடங்கு இணைப்பைப் பொருத்தியபின் எவ்வளவு நேரம் தேவைப்படும்? காரணம் கூறுக.
4. பிரித்து எழுதுக: கைப்பேசி, துணிப்பை, வெண்புள்ளி.
5. நீங்கள் வாழும் ஊரில் காணும் பறவை ஒன்றின் தமிழ்ப்பெயரை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்து, அதனைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.