ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி: பழைய 17 சீட் டீசல் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், சின்ன அடுப்படி எல்லாம் அமைத்து கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறோம். சமவெளியில் ஒரு குறையும் இல்லை. ஏற்காடு ஏறினால் மட்டும் பாதி மலையிலேயே டெம்பரேச்சர் முள் எகிறுகிறது. ஆறவிட்டுப் பார்த்தால் ஒரு லிட்டர் தண்ணீராவது குடிக்கிறது. ஆனால், நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. 'ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டை இறக்கணும்' என்கிறார் மெக்கானிக். இறக்கிவிடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன் வண்டியில் பிரஷர் நிற்கிறதா என்று பாருங்கள்.

ரேடியேட்டரும் பிரஷர் குக்கர் மாதிரிதான். அதன் மூடியில் 0.9 என்று பொறித்திருந்தால் 0.9 பார் அழுத்தம் வரை அது பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். எங்கோ கசிந்து அழுத்தம் நிற்காவிட்டால், சமவெளியில் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே 95 டிகிரியே போதும். மலை ஏறும் என்ஜினுக்கு அந்தச் சூடு சர்வ சாதாரணம். உங்கள் வண்டி மலையில் மட்டும் படுத்துவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அடியில் ஈரம் இல்லாததும் அதிசயமில்லை. வண்டி ஓடும்போது சூட்டிலும் அழுத்தத்திலும் வாய் திறக்கும் விரிசல், ஆறியதும் மூடிக்கொள்ளும். வெளியே வந்த துளிகள் என்ஜின் சூட்டிலேயே ஆவியாகிவிடும்.

முதலில் மூடியைக் கழற்றி, அதன் ரப்பர் வெடித்திருக்கிறதா, இறுகிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அதே அளவில் புது மூடி போடுங்கள். சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும். தீரவில்லை என்றால், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் கை பம்ப்பை மாட்டி, மூடியில் உள்ள அளவு வரை காற்றடித்து, கால் மணி நேரம் விட வேண்டும். கேஜ் முள் இறங்கினால் டார்ச்சோடு தேடுங்கள்.

ஹோஸ் கிளிப்புகளைச் சுற்றி உப்புப் பூத்தாற்போல் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால், அங்கேதான் கசிவு. ஹோஸை அழுத்தினால் கொழகொழவென்றோ மொறமொறவென்றோ இருந்தால் மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து கறை வழிந்திருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. கேம்பர் வேனில் இன்னோர் இடமும் உண்டு. பின்பக்க ஹீட்டர் இருந்தால் அதற்கான ஹோஸ்கள் தரையை ஒட்டி நீளமாகப் போகும். கட்டிலுக்கு முடுக்கிய திருகு ஒன்று அதில் உரசிக்கொண்டிருக்கலாம். பலகையைக் கழற்றிப் பாருங்கள்.

வெளியே எங்குமே ஈரம் இல்லாமல் முள் மட்டும் இறங்கினால், உங்கள் மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருப்பது, வண்டி சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வருவது, ரேடியேட்டரில் விடாமல் குமிழி கிளம்புவது, காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது ஆகியவை கேஸ்கெட் போனதற்கான அடையாளங்கள்.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரமாக நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது ஆறாமல் மூடியைத் தொடவே கூடாது. ஆறிய பிறகும் துணியைப் போட்டு மெதுவாகத் திறந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சிவப்பில் இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். சென்சார் எட்டாத அளவுக்குத் தண்ணீர் வற்றியிருக்கலாம்.

கேள்வி: ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் கசிவு நின்றுவிடும் என்கிறார்களே?
– வாசகி, தாராபுரம்

பதில்: ஊசித்துளை என்றால் ஊர் போய்ச் சேர உதவலாம். ஆனால், மஞ்சளுக்கு ஓட்டை எது, தண்ணீர் ஓடும் குழாய் எது என்று தெரியாது. ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் உள்ள மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். கடைகளில் பாட்டிலில் விற்கும் கசிவு அடைப்பானுக்கும் இது பொருந்தும். போட்டிருந்தால், கசிவைச் சரிசெய்த கையோடு முழுவதும் அலசச் சொல்லுங்கள். பிறகு கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். போர் தண்ணீர் உள்ளே உப்புப் படிய வைக்கும். வகை வேறான கூலண்டுகளையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

வடித்த பழைய கூலண்டைத் தெருவில் கொட்ட வேண்டாம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். நாய்கள் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். கேனில் மூடி ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.